கடினம் வேறு, உண்மை வேறு: ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலியைத் திருத்தியவர்கள்

ராலி கார் ஓட்டும் வீடியோ கேம்களில் நிஜத்துக்கு நெருக்கமானது எது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களில் பலர் இருபது ஆண்டு பழைய ஒரு பெயரைச் சொல்வார்கள்: ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி. பிரிட்டனின் வார்ட்ஹாக் நிறுவனம் தயாரித்து, எஸ்சிஐ நிறுவனம் 2004இல் வெளியிட்டது. ஆறு நாட்டுச் சாலைகள், எட்டுக் கார்கள், அவ்வளவுதான். இன்று ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில்கூட அது கிடையாது. தயாரித்த நிறுவனம் வெளியீட்டு ஆண்டிலேயே கைமாறியது. வாங்கியவர்கள் கிஸ்மோண்டோ என்ற கையடக்க கேம் கருவியை விற்கப் பார்த்து, 2006 தொடக்கத்தில் திவாலானார்கள்.

நாதியற்றுப்போன இந்த கேமை ஆட்டக்காரர்களே எடுத்துச் சீர்செய்து, கார் ஓடும் விதத்தையே திரும்ப எழுதி, இன்றுவரை ஓட வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததை ‘மோடிங்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் கார் மேல் வேறு சாயம் பூசுவதும் இருக்கிறது, டயரின் இயற்பியலை மறுபடி கணக்கிடுவதும் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதிலும் குறிப்பாக ஒரு கேள்வி: மூல நிரல் கையில் இல்லை, கார் கம்பெனியின் அளவீடுகளும் இல்லை. அப்படியிருக்க, ‘இதுதான் நிஜமான கையாளுகை’ என்று ஒருவர் எதை வைத்துச் சொல்ல முடியும்?

பெயருக்குரியவரைப் பற்றி முதலில் கொஞ்சம். ரிச்சர்ட் பர்ன்ஸ் 2001இன் உலக ராலி சாம்பியன்; அந்தப் பட்டத்தை வென்ற முதல் இங்கிலாந்துக்காரர். அந்த ஆண்டு அவர் முதலாவதாக வந்தது நியூசிலாந்து ராலி ஒன்றில்தான். ஆனாலும் 44 புள்ளிகள் சேர்த்து, 42 புள்ளிகள் எடுத்த காலின் மெக்ரேயை முந்திவிட்டார். மெக்ரே பாய்ச்சலுக்கும் கவிழ்தலுக்கும் பேர்போனவர். பர்ன்ஸ் கணக்குப் பார்த்து, கோடு பிசகாமல் ஓட்டுகிறவர். 2003 நவம்பரில் வேல்ஸ் ராலிக்குப் போகும் வழியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நினைவிழந்தார். மூளையில் கட்டி. பட்டம் வென்ற நாளிலிருந்து சரியாக நான்கு ஆண்டு கழித்து, 2005 நவம்பர் 25 அன்று, 34 வயதில் காலமானார். அவர் பெயரில் வந்த கேமும் அவரைப் போலத்தான் ஓட்டச் சொல்கிறது: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, காரை முன்கூட்டித் திருப்பிவை, பிறகு ஆக்சிலரேட்டரை மிதி. மெக்ரே பாணியில் பாய்ந்தால் முதல் கிலோமீட்டரிலேயே மரம்.

அக்காலத்து ராலி கேம்கள் பெரும்பாலும் காரைத் திரையில் ‘ராலி மாதிரி’ தெரிய வைப்பதையே குறியாகக் கொண்டிருந்தன. இந்த கேமின் இயற்பியலை எழுதிய ஈரோ பீட்டுலைனென் வேறு வழியில் போனார். நான்கு சக்கரங்களும் தனித்தனி. ஒவ்வொன்றுக்கும் அதன் ஸ்பிரிங், அதன் ஷாக் அப்சார்பர், அதன் டயர் கணக்கு. காரின் மொத்த அசைவு இந்த நான்கும் சேர்ந்து தரும் விடை மட்டுமே. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 27.8 மீட்டர் நகர்கிறது. திரையில் படம் மாறும் வேகத்திலேயே, அதாவது நொடிக்கு 60 முறை, கணக்குப் போட்டால் ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையே கார் 46 செ.மீ. தாவிவிடும். வழியில் கிடக்கும் கையளவு கல் கணக்கிலேயே வராது. நொடிக்கு 1,000 முறை போட்டால் தாவல் 2.8 செ.மீ.தான், கல் சக்கரத்தில் படும். கரடுமுரடான சாலையை உணர்த்த விரும்பும் கேம், படம் வரைவதைவிடப் பலமடங்கு அடிக்கடி கணக்குப் போட்டாக வேண்டும். 2004இன் கணினியில் இதற்கெல்லாம் இடம் கண்டுபிடித்ததை நினைத்தால், படங்கள் அவ்வளவு அழகாக இல்லாததற்குக் காரணம் புரியும்.

காரின் எண்களையெல்லாம் தயாரிப்பாளர்கள் ஒரே கோப்பில் வைத்திருந்தார்கள். அதன் பின்னொட்டு ஆர்பிஇசட் என்று விநோதமாக இருந்தாலும் உள்ளே அது சாதாரண ஜிப் கோப்பு. பிரித்தால் ஒவ்வொரு காருக்கும் ஒரு அடைவு, அதற்குள் எல்எஸ்பி என்று முடியும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்தாலே போதும்: அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு எண். ஸ்பிரிங்கின் நீளம், அதன் விறைப்பு, ஸ்டியரிங் அதிகபட்சம் எவ்வளவு திரும்பும், கியர்கள் என்ன விகிதம். பூட்டு ஏதும் போடவில்லை. நிரல் எழுதத் தெரியாத ஒருவர்கூட ஓர் எண்ணை மாற்றி, சேமித்து, உடனே ஓட்டிப் பார்க்கலாம். முதல் தலைமுறைத் திருத்தங்கள் எல்லாம் இப்படித்தான் பிறந்தன.

அந்தக் கோப்பிலிருந்து ஒரு சிறு பகுதியை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது தரும் எதிர்ப்புக்கு அங்கே மூன்று எண்கள் உண்டு. மெதுவாக அமுங்கும்போது எவ்வளவு எதிர்ப்பு, வேகமாக அமுங்கும்போது எவ்வளவு, எந்த வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற வேண்டும். மூன்று எதற்கு? வளைவில் திரும்பும்போது கார் ஒரு பக்கம் சாய்கிறது. ஸ்பிரிங் அரை நொடியில் 5 செ.மீ. அமுங்குகிறது என்றால் வேகம் நொடிக்கு 10 செ.மீ. ஃபின்லாந்துச் சாலையின் மேட்டில் பறந்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் காரின் சக்கரமோ நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. நாற்பது மடங்குக்கும் மேல். சாய்வைக் கட்டுப்படுத்தப் போதுமான எதிர்ப்பை அதே விகிதத்தில் நாற்பது மடங்குக்கு நீட்டினால் ஷாக் அப்சார்பர் இரும்புத் தடியாகிவிடும். சக்கரம் கல்லில் பட்டதும் கார் மேலே எகிறும். ஆகவே ஒரு வேகத்துக்கு மேல் எதிர்ப்பு ஏறும் விகிதத்தைக் குறைக்க வேண்டும். ரொம்பவும் குறைத்தால் காரின் வயிறு தரையில் மோதும். சஸ்பென்ஷனுக்கு இருக்கும் பயணம் 25 செ.மீ. என்று வைத்தால், அந்தத் தூரத்துக்குள் காரை நிறுத்தச் சக்கரங்கள் சராசரியாகக் காரின் எடையைப்போல் ஐந்து மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். இரண்டு தவறுகளுக்கும் நடுவே கிடைக்கும் ஒடுங்கிய இடைவெளியைத்தான் அந்த மூன்று எண்களும் பிடிக்க முயல்கின்றன. ஒரே ஓர் எண்ணை மாற்றிய ஆரம்பகாலத் திருத்தங்கள் பல, வளைவில் அருமையாகவும் மேட்டில் அபத்தமாகவும் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

அந்தக் காலத்துத் திருத்தங்களில் இன்னொரு பழக்கமும் இருந்தது. இன்றும் முழுதாக ஒழியவில்லை. ‘மேலும் யதார்த்தம்’ என்று பெயர் வைத்து டயரின் பிடிப்பைக் குறைத்துவிடுவார்கள். கார் வழுக்கும், ஓட்டக் கஷ்டமாக இருக்கும். கஷ்டமாக இருப்பதால் நிஜம் என்று ஆட்டக்காரர்கள் கொண்டாடுவார்கள். எனக்கு இது தலைகீழான தர்க்கமாகவே படுகிறது. நிஜ ராலி காரை வடிவமைக்கும் பொறியாளர்கள் அதை ஓட்ட எளிதாக்கத்தான் பாடுபடுகிறார்கள். மழையில், தூசியில், பார்க்க முடியாத மேட்டுக்கு அப்பால் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு வேண்டியது நம்பிக்கை. எதிர்பாராமல் முரண்டுபிடிக்கும் கார் மோசமான கார், அவ்வளவுதான். ஒரு கேமில் உலக ராலி கார் தெருவில் ஓடும் காரைவிட அடக்கக் கடினமாக இருந்தால், எங்கோ ஓர் எண் தப்பு என்று சந்தேகிப்பதுதான் முறை.

எண்களை மாற்றுவதால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று சீக்கிரமே தலைகாட்டியது. அசல் கேமின் எட்டுக் கார்களில் ஏழு, நான்கு சக்கர இழுவை கொண்டவை. ஒன்று மட்டும் முன்சக்கர இழுவை, எம்ஜியின் சிறு கார். பின்சக்கர இழுவைக் கார் ஒன்றுகூட இல்லை. 2003 காலத்து உலக ராலி கார்களில் முன், நடு, பின் என மூன்று டிஃபரன்ஷியல்களையும் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பற்சக்கர அமைப்புகள்) கணினி கட்டுப்படுத்தியது: ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, பிரேக் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பார்த்து, அதற்கேற்ப இறுக்கத்தை ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கும். கேமும் அதே அட்டவணைகளை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. 2003இன் கார்களுக்கு அது கச்சிதம். ஆனால் ஆட்டக்காரர்கள் பழைய பின்சக்கர இழுவை ராலி கார்களான லான்சியா ஸ்ட்ராடோஸை ஓட்ட ஆசைப்பட்டார்கள், ஃபோர்டு எஸ்கார்ட்டை ஓட்ட ஆசைப்பட்டார்கள். அந்தக் கார்களில் கணினி ஏது? நிஜ உலகிலும் விதிகள் மாறிக்கொண்டிருந்தன. 2006இல் முன், பின் டிஃபரன்ஷியல்கள் மறுபடி இயந்திர முறைக்குத் திரும்பின. 2011இன் புதிய கார்களில் நடு டிஃபரன்ஷியலே போய்விட்டது. 2017இல் அது திரும்பி வந்தது. 2022இல் மீண்டும் போனது. அட்டவணைக்குப் பழகிய கேமில் இவை எதையும் ஒழுங்காக வைக்க முடியாது.

இயந்திர டிஃபரன்ஷியல் வேலை செய்யும் விதமே வேறு. உள்ளே ஒரு குறுக்குத் தண்டு, அதன் இருபுறமும் சரிவு வெட்டிய வளையங்கள், அவற்றுக்கு வெளியே அடுக்கடுக்காகத் தட்டுகள். இன்ஜினின் முறுக்கம் வரும்போது தண்டு சரிவில் ஆப்பாக ஏறி வளையங்களை வெளியே தள்ளும். தட்டுகள் நெருக்கப்பட்டு, இடது வலது சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணையும். சரிவின் கோணம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 60 பாகைச் சரிவைவிட 30 பாகைச் சரிவு சரியாக மூன்று மடங்கு அழுத்தும். மிதிக்கும்போது ஒரு கோணம், காலை எடுக்கும்போது வேறு கோணம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் மிதித்தால் பின்சக்கரங்கள் பிணைந்து கார் வெளிப்பக்கம் தள்ளும். காலை எடுத்தால் பிணைப்பு தளர்ந்து பின்புறம் லேசாகத் திரும்பும். ஸ்ட்ராடோஸ் ஓட்டுநர் வளைவில் வலது காலால் ஸ்டியரிங் பிடிக்கிறார் என்று சொல்வது இந்த இயந்திர ஏற்பாட்டினால்தான். அட்டவணையில் எவ்வளவு நுணுக்கமாக எண்களை நிரப்பினாலும் இந்த உறவு வராது. முறுக்கம்தான் பிணைப்பை உண்டாக்க வேண்டும். அதற்குச் சமன்பாட்டையே மாற்றியாக வேண்டும்.

இங்கேதான் என்ஜிபி வருகிறது. நெக்ஸ்ட் ஜெனரேஷன் பிசிக்ஸ் என்பதன் சுருக்கம். வொர்க்கர்பீ என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவரின் வேலை. எண் கோப்புகளைத் திருத்துவதில் தொடங்கி, கேமின் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் நுழைந்து தன் சமன்பாடுகளைப் போடும் தனிச் செருகுநிரலாக அது வளர்ந்தது. மூல நிரல் வெளியிடப்படவே இல்லை என்பதை மறக்கக் கூடாது. கணினி படிக்கும் வடிவில் மட்டும் இருக்கும் ஒன்றைப் பிரித்துப் படித்து, எந்த இடத்தில் டயரின் விசை கணக்காகிறது, எந்த இடத்தில் முறுக்கம் சக்கரத்துக்குப் போகிறது என்று தேடிப் பிடித்து, அங்கே புதிய கணக்கைச் செருக வேண்டும். வரைபடம் தொலைந்துபோன பழைய மில்லில் மின்கம்பிகளை மாற்றும் எலெக்ட்ரீஷியனின் வேலைதான் இது. அதுவும் கரண்ட்டை நிறுத்தாமல்.

சமன்பாடு சரியாகிவிட்டால் அடுத்து எண்கள். இவற்றைத் தெரிந்த எண்கள், தெரியாத எண்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். தெரிந்தவை ஏராளம். போட்டிக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஓர் அங்கீகாரத் தாள் வழங்குகிறது. பழைய கார்களின் தாள்களை யாரும் பார்க்கலாம். சக்கரங்களுக்கு இடையிலான தூரம், கியர்ப்பற்களின் எண்ணிக்கை, பிரேக் வட்டின் விட்டம் எல்லாம் அதில் உண்டு. விதிப்புத்தகம் இன்னும் சிலவற்றைத் தரும். பர்ன்ஸ் காலத்துக் காரின் குறைந்தபட்ச எடை 1,230 கிலோ. டர்போவுக்குள் போகும் காற்று 34 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளை வழியாகவே போக வேண்டும். அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் காற்று வராது. அதனால்தான் அந்த இன்ஜின்கள் குறைந்த சுழற்சியில் அபார இழுப்பும், அதிக சுழற்சியில் சோர்வும் காட்டுகின்றன. ஓட்டுநர்கள் சீக்கிரமே கியரை மாற்றுகிறார்கள். கேமில் அந்தத் துளையைச் சரியாக வைத்தாலே போதும், ஓட்டுகிறவர் தானாகவே சீக்கிரம் கியர் மாற்றத் தொடங்குவார். தெரிந்த ஒரே எண் ஓட்டும் பாணியையே மாற்றுகிறது.

தெரியாதவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் விடாப்பிடியானவை. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? அங்கீகாரத் தாள் சொல்லாது. 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சக்கரத் தூரம் 2.5 மீட்டர். சரளையில் 0.6 ஜி அளவுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்கு) பிரேக் பிடித்தால் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு ஏறக்குறைய 133 கிலோ எடை மாறும். உயரம் 50 செ.மீ. என்றால் 148 கிலோ. பின்புறத்தில் மிஞ்சியிருப்பதே நானூறு கிலோ சொச்சம் என்னும்போது 15 கிலோ சின்ன விஷயமில்லை. வளைவுக்குள் நுழையும் நேரத்தில் பின்புறம் அடங்கி வருமா, வெளியே வீசுமா என்பது அதில் இருக்கிறது. இன்னொன்று, கார் தன் மையத்தைச் சுற்றித் திரும்புவதற்குக் காட்டும் மந்தம். எடை மையத்தைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. பரவலின் ஆரத்தை 1.2 மீட்டருக்குப் பதில் 1.3 என்று எடுத்தால் மந்தம் 17 விழுக்காடு கூடிவிடும். பத்து செ.மீ. பிழை என்பது திருப்பங்களில் வேறொரு கார்.

இவற்றைவிடப் பெரிய இருட்டு டயரில் இருக்கிறது. தார்ச்சாலை டயரைப் பற்றி உலகத்துக்கு நிறையவே தெரியும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேய்க்கா, வோல்வோ நிறுவனத்தோடு சேர்ந்து 1987இல் வெளியிட்ட சமன்பாடு ‘மேஜிக் ஃபார்முலா’ என்றே பெயர் பெற்றுவிட்டது. சைன், ஆர்க்டேன்ஜென்ட் இரண்டையும் பின்னி, நான்கே மாறிலிகளில் ஒரு டயரின் பக்கவாட்டுப் பிடிப்பைச் சொல்லிவிடும். இயற்பியலின் அடிவேரிலிருந்து வருவிக்கப்பட்டதல்ல, அளந்த வளைகோட்டுக்குப் பொருந்துகிறது என்பதே அதன் தகுதி. தாரில் சறுக்குக் கோணம் (சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) ஏற ஏறப் பிடிப்பு ஏறி, ஏழெட்டுப் பாகையை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். அளப்பதற்குச் சோதனைக்கூடத்தில் சுழலும் உருளை இருக்கிறது.

சரளைக்கு அப்படி ஓர் உருளையைச் செய்வது எப்படி? களத்தில் காயப்போட்ட நெல்லின் மேல் ஓடிப் பார்த்தவர்களுக்குச் சரளை டயரின் நிலைமை தெரியும்: கால் வழுக்கும், வழுக்கிய பக்கம் நெல் குவியும், அந்தக் குவியலே காலைத் தாங்கும். டயரும் பக்கவாட்டில் சறுக்கும்போது கற்களைத் தன் முன்னே குவிக்கிறது. அந்தக் குவியல் தள்ளும் விசையும் பிடிப்போடு சேர்கிறது. அதனால் தாரில் இருக்கும் கூரான உச்சம் சரளையில் மழுங்கிவிடும். இருபது பாகைக்கு மேல் சறுக்கினாலும் பிடிப்பு அதிகம் விழாது. ராலி ஓட்டுநர் சரளையில் காரைக் குறுக்காகப் போட்டு ஓட்டுவதைப் பார்த்துச் சாகசம் என்று கைதட்டுகிறோம். அந்த வளைகோட்டைப் பார்த்தால், குறுக்காகப் போவதில் அவர் இழப்பது குறைவு, கிடைப்பது அதிகம் என்று தெரியும். தாரில் அதே மனிதர் கோடு போட்டதுபோல நேராக ஓட்டுவதும் அதே காரணத்தால்தான். சரளையின் பிடிப்பைக் குறைப்பதோடு நிறுத்திக்கொண்ட பழைய திருத்தங்கள் உச்சத்தின் உயரத்தை மாற்றின. அதன் வடிவத்தை அப்படியே விட்டுவிட்டன. விளைவு, வழுக்கும் தார்ச்சாலை. அது சரளையாகிவிடாது.

டயர் கம்பெனிகளிடம் அளவீடுகள் இருக்கும். அவை வெளியே வராது. ஆகவே திருத்துபவர் வளைகோட்டின் பொது வடிவத்தை இயற்பியலிலிருந்து எடுத்துக்கொண்டு, எண்களைத் தன் மதிப்பீட்டில் நிரப்புகிறார். இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதை அளவீடு என்று நம்புகிறவர்களைத் திருத்த வேண்டும்.

மதிப்பீட்டைச் சோதிப்பது எப்படி? பலரும் கையில் எடுப்பது கடிகாரத்தை. நிஜச் சாலை ஒன்றைக் கேமில் கட்டி, அதில் உலக சாம்பியனின் நேரத்தோடு ஆட்டக்காரரின் நேரத்தை ஒப்பிடுவார்கள். இது பலவீனமான சோதனை. ஆட்டக்காரர் அதே சாலையை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம், மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கலாம், உயிர்ப்பயம் கிடையாது. நிஜ ஓட்டுநர் இரண்டு முறை மெதுவாகப் போய்க் குறிப்பெடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஒரு மனிதரையும் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுகிறார். நேரங்கள் ஒத்துப்போனால்கூட, ஒரு பிழையை மற்றொரு பிழை சமன் செய்திருக்கலாம்.

உத்தியைச் சோதிப்பது இதைவிட நம்பத்தக்கது. 1960களில் மினி, சாப் போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் வட ஐரோப்பிய ஓட்டுநர்கள் வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்காமலே இடது காலால் பிரேக்கைத் தொடும் வித்தையைக் கையாண்டார்கள். முன்சக்கரங்களில் இன்ஜினின் இழுப்பும் பிரேக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இழுப்பு இல்லாத பின்சக்கரங்களில் பிரேக் மட்டும் வேலை செய்யும். எடையும் முன்னே போயிருக்கும். பின்புறம் அழகாகச் சுற்றி வரும். இதற்கென்று ஒரு வரி நிரல்கூட எழுதாமல், முறுக்கம், பிரேக், எடை மாற்றம் மூன்றும் சரியாக இருப்பதால் மட்டுமே கேமில் இது நடக்குமானால், அந்த மூன்றும் ஏறத்தாழ உண்மை என்று கொள்ளலாம். வளைவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி, காரின் ஊசலாட்டத்தையே திருப்பத்துக்குப் பயன்படுத்தும் ஸ்காண்டிநேவிய உத்தி, திரும்பும் மந்தத்தையும் ஷாக் அப்சார்பரையும் சோதிக்கும். ஹேண்ட்பிரேக் இன்னொன்று. நான்கு சக்கர இழுவைக் காரில் பின்சக்கரங்களை மட்டும் பூட்ட வேண்டுமானால் முன்சக்கரங்களோடு அவற்றுக்குள்ள இணைப்பு அந்த நேரத்துக்கு விடுபட வேண்டும். இல்லையேல் நான்கு சக்கரமும் சேர்ந்து தடுமாறும், இன்ஜின் அணையும். உலக ராலி கார்களில் அதற்கு ஏற்பாடு உண்டு. எல்லாக் கார்களிலும் ஹேண்ட்பிரேக் ஒரே மாதிரி வேலை செய்யும் கேம், காரைக் கணக்கிடவில்லை என்றுதான் அர்த்தம். பார்வைக்கு ராலி போல இருந்தால் போதும் என்று அதை எழுதியவர்கள் நினைத்துவிட்டார்கள்.

இந்தச் சோதனையிலும் ஓர் ஓட்டை உண்டு. அது ஆட்டக்காரரின் உடம்பு. நிஜக் காரில் பின்புறம் நழுவத் தொடங்குவதை இடுப்பும் உள்காதும் முதலில் சொல்லிவிடும், கண் பிற்பாடுதான். வீட்டு நாற்காலியில் அந்தத் தகவல் இல்லை. மிஞ்சியிருப்பது கண், காது, ஸ்டியரிங்கின் மோட்டார் தரும் எதிர்விசை. டயரின் பிடிப்பு உச்சத்தை நெருங்குவதற்குச் சற்று முன்னாலேயே, ஸ்டியரிங்கை நேராக இழுக்கும் விசை குறைய ஆரம்பிக்கும். நல்ல கேமில் அந்தத் தளர்வு விரலில் தெரியும். அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள ஆட்டக்காரர் பழக வேண்டும். இயற்பியல் முற்றிலும் சரியாக இருந்தாலும் இந்தத் தகவல் இழப்பால் கேம் நிஜத்தைவிடக் கடினமாகத்தான் இருக்கும். ஈடுகட்டப் பிடிப்பைக் கூட்டலாமா? கூட்டினால் ஓட்டும் அனுபவம் நிஜத்துக்கு அருகே வரும், எண்கள் விலகும். எண்களைப் பிடித்துக்கொண்டால் அனுபவம் விலகும். எண்களைத் தொடக் கூடாது, எதிர்விசையையும் ஒலியையும் பார்வைக் கோணத்தையும்தான் மேம்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. எண்ணில் ஒருமுறை சமரசம் செய்துவிட்டால் அடுத்த பிழையைக் கண்டுபிடிக்க அளவுகோல் இருக்காது.

ஒரு தனிமனிதரின் மதிப்பீடு எப்படிப் பொது விதியாகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. செக் நாட்டு, ஹங்கேரி ஆர்வலர்கள் இந்த கேமுக்கு இணையப் போட்டிகளை ஏற்பாடு செய்தார்கள். போட்டி என்று வந்தால் எல்லோரும் ஒரே இயற்பியலில் ஓட்டியாக வேண்டும். கோப்பில் ஓர் எண் மாறியிருந்தாலும் செல்லாது. எண்களை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்த்த சுதந்திரம் அத்தோடு முடிந்தது. பதிலுக்கு, ஒரே காரை, ஒரே சாலையில், ஒரே கணக்கில் ஏராளமானோர் ஓட்டிப் பார்க்கும் வசதி கிடைத்தது. ஒரு காரில் மட்டும் நேரங்கள் சந்தேகத்துக்கிடமாக வேகமாக இருந்தால் அது உடனே தெரிந்துவிடும். கார் கம்பெனியின் சோதனைத் தளம் இல்லாதவர்களுக்குக் கிடைத்த சோதனைத் தளம் இது. புதிய பதிப்பு வந்து டயர் மாறினால் பழைய சாதனை நேரங்கள் அர்த்தமிழக்கும், மனக்கசப்பும் வரும். பழைய நேரங்களைக் காப்பாற்றுவதற்காகப் பிழையை வைத்துக்கொள்வதைவிட அந்தக் கசப்பு மேல்.

இன்னும் கைவைக்க முடியாமல் இருப்பது சாலை. கேமில் ஒரு ஸ்டேஜை, அதாவது ஓட்டப்போகும் சாலைத் துண்டை, தேர்ந்தெடுக்கும்போது புதியது, இடைநிலை, தேய்ந்தது என்று சாலையின் நிலையை முன்கூட்டியே சொல்லிவிடலாம், ஈரத்தையும் சொல்லலாம். ஓட்டத் தொடங்கிய பிறகு அது மாறாது. நிஜச் சரளைச் சாலையில் முதலில் போகும் கார் உதிரிக் கற்களைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகிறது. பின்னால் வருகிறவர்களுக்குக் கெட்டியான தரை கிடைக்கும். இன்னும் பின்னால் வருகிறவர்களுக்குப் பள்ளமான சக்கரத் தடமும் கிடைக்கும், அதிலிருந்து வெளியே வந்தால் கற்குவியலும் கிடைக்கும். புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் முதலில் புறப்பட வேண்டும் என்ற விதியால் சாம்பியன்கள் சரளை ராலிகளின் முதல் நாளில் இழக்கும் நொடிகள் கொஞ்சநஞ்சமல்ல. டயர் கற்களைக் குவிப்பதை விசையாகக் கணக்கிட முடிந்தது; குவிந்த கற்கள் அங்கேயே கிடந்து அடுத்த காருக்காகக் காத்திருப்பதைக் கணக்கிட வேண்டுமானால், 2004இல் அசையாத பரப்பாக வார்க்கப்பட்ட சாலையையே உடைத்து எழுத வேண்டும்.